துப்புரவாக்குவதா, விட்டுவைப்பதா: ரொறன்ரோ வளவில் ஒக்டோபர் வேலைகள்

தாங்க்ஸ்கிவிங் விடுமுறை முடிந்த கையோடு ரொறன்ரோவில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு நாள் எண்ணத் தொடங்கிவிடும். ஒக்டோபர் இரண்டாவது திங்களிலிருந்து மண் உறைந்து இறுகும் வரை ஐந்தோ ஆறோ வார இறுதிகள்தான். இரண்டு மழையில் போகும். ஒன்று யாராவது வீட்டுக் கலியாணத்தில் போகும். மிஞ்சும் இரண்டு மூன்றுக்குள் எதைச் செய்வது, எதை ஏப்ரலுக்குத் தள்ளுவது என்பதுதான் கேள்வி.

இதற்கு இரண்டு மறுமொழிகள் உண்டு. எல்லாவற்றையும் இப்போதே வெட்டி, வாரி, பையில் கட்டி, வளவைத் துடைத்து வைத்துவிட வேண்டும் என்பது ஒன்று. பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவர் முதல் நம்மவர்கள் வரை பழைய ஆட்கள் அநேகம் பேர் இந்தப் பக்கம். ஒன்றையும் தொடாதே, பூச்சிக்கும் குருவிக்கும் விட்டுவிடு, இளவேனிலில் பார்த்துக்கொள்ளலாம் என்பது மற்றது. கடந்த சில ஆண்டுகளில் இந்தக் குரல்தான் ஓங்கி ஒலிக்கிறது. நான் இரண்டையும் முழுமனதோடு செய்து பார்த்திருக்கிறேன். முழு வளவுக்கும் ஒரே மறுமொழி சரிவராது. காய்கறிப் பாத்திக்கு ஒரு ஞாயம், பூப்பாத்திக்கு வேறு ஞாயம். பிழை வருவது பெரும்பாலும் ஒன்றின் ஞாயத்தை மற்றதில் கொண்டுபோய் வைப்பதால்தான்.

அதற்கு முன் ஒரு வேலை. இதில் தெரிவு கிடையாது. வெளித் தண்ணீர்க் குழாயிலிருந்து ஹோஸைக் கழற்றுங்கள். வீட்டுக்குள்ளே, பெரும்பாலும் பேஸ்மென்ற் சுவரில், அந்தக் குழாய்க்கு ஒரு வால்வு இருக்கும். அதைப் பூட்டி, வெளியே போய்க் குழாயைத் திறந்துவிட்டு, உள்ளே தேங்கிய தண்ணீரை வடியவிடுங்கள். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பெருக்கும். செம்புக் குழாய் அதைத் தாங்காது. உறையாத வகை என்று சொல்லி விற்கும் குழாய்களும், ஹோஸ் மாட்டியபடி இருந்தால் தண்ணீர் வடிய வழியில்லாமல் வெடிக்கும். எங்கள் வீட்டில் ஒரு வருடம் அதை மறந்துபோனோம். குளிர்காலம் முழுக்க ஒன்றும் தெரியவில்லை. ஏப்ரலில் முதல் தடவை குழாயைத் திறந்த அன்று சுவருக்குள்ளே தண்ணீர் பாய்ந்து, பேஸ்மென்ற்றில் இருந்த பழைய படங்களின் பெட்டி நனைந்தது. அந்தப் படங்கள் திரும்பக் கிடைக்கப்போவதில்லை. பத்து நிமிட வேலை. இன்றைக்கே செய்யுங்கள்.

காய்கறிப் பாத்தி: இங்கே பழைய ஆட்கள் சொல்வதுதான் சரி

தக்காளி, கத்தரி, மிளகாய், பாகல், புடோல், பயற்றங்காய். ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவின் வளவுகளில் கோடையில் பந்தல் போட்டு நிற்பவை இவைதாம். முதல் உறைபனி விழுந்த காலையில் எல்லாம் கறுத்துத் தொங்கும். அதை அப்படியே ஏப்ரல் வரை விட்டால் என்ன?

தக்காளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஓகஸ்ட்டில் அடி இலை மஞ்சளாகி, மண்ணிறப் புள்ளி விழுந்து, கீழிருந்து மேலாகக் கருகிக்கொண்டு போகுமே, அந்த இலைப்புள்ளி நோய்க்கான பூஞ்சணம் செத்த இலையிலும் தண்டிலும் குளிர்காலத்தைக் கழிக்கிறது. அடுத்த ஜூனில் மழைத்துளி மண்ணில் அடித்துத் தெறிக்கும்போது புதுக் கன்றின் அடி இலைக்கு ஏறிவிடும். ஒரே பாத்தியில் வருடா வருடம் நோய் முந்தி முந்தி வருவதற்கு இதுவே காரணம். 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்த பின்பருவ வெளிறல் நோய் வேறு மாதிரி. அதற்கு உயிருள்ள திசு வேண்டும். காய்ந்த தக்காளித் தண்டில் அது தங்குவதில்லை, மண்ணுக்குள் தப்பிக் கிடக்கும் உருளைக்கிழங்கில் தங்கும். ஆகவே கிழங்கு நட்ட இடத்தைக் கிளறிக் கடைசிக் கிழங்கு வரை பொறுக்கிவிடுங்கள்.

பூசணி, வெள்ளரி வகைகளைத் தாக்கும் வண்டுகளும் நாவாய்ப் பூச்சிகளும் முதிர்ந்த பருவத்தில், காய்ந்த கொடிக்கும் சருகுக்கும் அடியில் பதுங்கித்தான் குளிர்காலத்தைத் தாண்டுகின்றன. பூசணித் தண்டைத் துளைக்கும் புழு மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகக் கிடக்கும். கொடியை அகற்றிவிட்டு மேல்மண்ணை இரண்டு அங்குலம் கொத்திவிட்டால் குளிரும் குருவியும் மீதி வேலையைச் செய்யும்.

எனவே இங்கே தயங்கவேண்டாம். கொடியைப் பந்தலிலிருந்து அறுத்து எடுங்கள். ஒக்டோபரில் செய்தால் பாகற்கொடி ஈரமாக, சுருளாக வரும். ஏப்ரலில் செய்தால் கம்பி வலையில் சுற்றிய சுருள்களை ஒவ்வொன்றாக நுள்ளி எடுக்கவேண்டி வரும். நோய்பட்ட தக்காளியும் பூசணிக் கொடியும் வீட்டுக் கூட்டெருவுக்கு வேண்டாம். நம் வளவில் வைத்திருக்கும் சின்னக் குவியல் நோய்க்கிருமியைக் கொல்லும் அளவுக்குச் சூடேறாது. அவற்றை மாநகரசபை எடுக்கும் காகிதப் பையில் போடுங்கள். பயற்றங்கொடியை மட்டும் வேரோடு பிடுங்காமல் நிலமட்டத்தில் அறுத்துவிடுங்கள், வேர் மண்ணுக்குள்ளேயே உக்கட்டும்.

பச்சைத் தக்காளியை உறைபனிக்கு முதல் நாள் பறித்துக் கடதாசிப் பெட்டியில் வையுங்கள். வெயில் தேவையில்லை. நவம்பர் நடுப்பகுதி வரை ஒவ்வொன்றாகப் பழுக்கும்.

பூப்பாத்தி: இங்கே புதிய ஆட்கள் சொல்வதுதான் சரி

அம்மா விடிய முன்னரே எழும்பி முற்றம் கூட்டுவா. ஊரில் கூட்டாத முற்றம் என்றால் அந்த வீட்டில் யாருக்கோ சுகமில்லை என்று அர்த்தம். அதைப் பார்த்து வளர்ந்த எனக்குக் காய்ந்த தண்டுகள் நிற்கும் பாத்தியைப் பார்த்துக்கொண்டு ஐந்து மாதம் இருப்பது லேசாக இருக்கவில்லை. முதல் வருடம் இரண்டு தடவை கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போய்த் திரும்பி வந்தேன்.

ஆனால் அந்தத் தண்டுகளில் நடப்பது வேறு. ரொறன்ரோ நகர எல்லைக்குள் மட்டும் 360க்கு மேற்பட்ட காட்டுத் தேனீ இனங்கள் பதிவாகியிருக்கின்றன. கூடு கட்டித் தேன் தரும் ஐரோப்பியத் தேனீ இவற்றில் சேராது. இவற்றில் அநேகம் தனித்து வாழ்பவை, இலேசில் கொட்டாதவை. நம் பூசணிக்கும் மிளகாய்க்கும் மகரந்தம் சேர்ப்பதில் இவற்றுக்குப் பெரிய பங்கு. வட அமெரிக்கத் தேனீ இனங்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு மண்ணுக்குள் கூடு வைக்கும், மற்றவை தண்டின் நெட்டியிலும் மரத்துளையிலும். பெருவண்டுத் தேனீ என்கிற பம்பிள்பீயின் ராணி தனியே சில சென்ரிமீற்றர் ஆழத்தில், சருகுப் போர்வைக்குக் கீழே, வசந்தம் வரை உறங்கும். கறுப்பு வால்குருவிப் பட்டாம்பூச்சி, அதுதான் நம் சோம்பிலும் கொத்தமல்லியிலும் வந்து முட்டையிடுவது, தண்டில் நூலால் தன்னைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாக நிற்கும். அதன் நிறம் காய்ந்த தண்டின் நிறமே. வெட்டிப் பையில் போடுகிறவருக்குத் தெரியவே தெரியாது.

மொனார்க் பட்டாம்பூச்சி மட்டும் இங்கே தங்குவதில்லை. செப்டெம்பரில் மெக்ஸிக்கோ போய்விடும். அது எங்கே போகிறது என்பதைத் தேடி வாழ்நாளைக் கொடுத்தவர் ஃபிரெட் ஏர்க்கட். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் விலங்கியல் பேராசிரியராக இருந்தவர். இறக்கையில் சின்ன ஒட்டுச்சீட்டு ஒட்டித் தொடர்ந்து தேடியதன் முடிவில், 1975 ஜனவரியில் அவருடைய தன்னார்வலர்கள் மத்திய மெக்ஸிக்கோ மலைக்காட்டில் அந்த இடத்தைக் கண்டார்கள். நாம் கத்தரி நடுகிற இதே ஸ்காபரோவில் இருந்துதான் அந்தத் தேடல் நடந்தது என்பதை நினைக்கும்போது எனக்கு உள்ளே ஒரு சந்தோசம் வரும்.

விட்டுவைப்பதில் செடிக்கும் நன்மை உண்டு. நின்ற தண்டு பனியைப் பிடித்து வைக்கும். பனி ஒரு நல்ல போர்வை. ரொறன்ரோவில் செடியைக் கொல்வது பெரும்பாலும் வெறும் குளிர் அல்ல. ஜனவரியில் இரண்டு நாள் மழை, பிறகு பூச்சியத்துக்குக் கீழே பதினைந்து, பிறகு மீண்டும் உருகல். இந்த மாறிமாறி வரும் உறைவில் மண் பொங்கி, வேரை மேலே தள்ளிவிடும். பனியோ சருகோ மூடியிருந்தால் மண்ணின் குளிர் ஒரே சீராக இருக்கும். பொன்சிட்டுக் குருவிகள் எக்கினேசியாப் பூவின் காய்ந்த தலைகளில் தொங்கி விதை தின்பதை ஜன்னலால் பார்த்த பிறகு என் பிள்ளைகள் அந்தப் பாத்தியை வெட்டவே விடுவதில்லை.

சில செடிகளை மட்டும் இப்போதே வெட்டவேண்டும். பியோனி இலையில் சாம்பல் பூஞ்சணம் தங்கும், அதை நிலமட்டத்தில் அறுத்து அகற்றுங்கள். ஐரிஸ் இலையில் துளைப்பானின் முட்டை இருக்கும், அதுவும் போகட்டும். ஹொஸ்ராவின் கொழகொழத்த இலைகள் நத்தைக்கு வீடு. நடைபாதையில் சரிந்து விழும் தண்டுகளையும் வெட்டலாம். மற்றவை நிற்கட்டும்.

ஏப்ரல் கடைசியில் அல்லது மேயில் வெட்டும்போது அடியோடு வெட்டாமல் ஒரு சாண், ஒன்றரைச் சாண் குற்றியை விடுங்கள். தண்டுத் தேனீ கூடு வைப்பது பெரும்பாலும் இந்த வெட்டுண்ட முனைகளில்தான், அதுவும் வருகிற கோடையில். அந்தக் குஞ்சுகள் அதற்கு அடுத்த குளிர்காலத்தையும் அதற்குள்ளேயே கழிக்கும். ஒரு குளிர்காலம் விட்டுவைத்துப் பிறகு எல்லாவற்றையும் வழித்தெடுத்தால் பாதி வேலைதான் செய்திருக்கிறோம். புதுத் தண்டு வளர்ந்து பழைய குற்றியை மறைத்துவிடும், அசிங்கமாகத் தெரியாது.

முன்வளவு பற்றி ஒரு சொல். வீதியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது கவனிக்காத வளவாகத் தெரியும் என்ற கவலை நியாயமானது. பாத்தியின் ஓரத்தை மண்வெட்டியால் நேராக வெட்டி, நடைபாதையைக் கூட்டி வைத்தாலே போதும். வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பவருக்குப் புரியும்.

சருகை என்ன செய்வது

எங்கள் தெருவில் நிற்பது நோர்வே மேப்பிள். மற்ற மரங்கள் கொட்டி முடித்த பிறகுதான் அது கொட்டத் தொடங்கும், சில வருடம் நவம்பர் நடுப்பகுதி வரை. அதனால் ஒக்டோபரில் ஒரே தடவையில் வாரி முடிக்கலாம் என்று நினைப்பது வீண்.

முதல் வழி, வாரிக் காகிதப் பையில் கட்டி வீதியில் வைப்பது. ரொறன்ரோவில் பிளாஸ்ரிக் பையில் வைத்தால் எடுக்கமாட்டார்கள். இது சுலபமாகத் தெரியும், ஆனால் கணக்குப் பாருங்கள். பை வாங்கக் காசு, வாரி அமத்தி நிரப்ப அரை நாள், மழை வந்தால் பையின் அடி கழன்று திரும்ப முதலிலிருந்து. பிறகு மேயில் அதே ஆட்கள் கடைக்குப் போய்க் கூட்டெருவும் மூடாக்கும் காசு கொடுத்து வாங்குகிறார்கள். நானும் அப்படித்தான் பல வருடம் செய்தேன்.

இரண்டாவது, புல்வெட்டும் மெசினாலேயே சருகை அரைத்துப் புல்லுக்குள் விடுவது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நீண்டகாலம் சோதித்துப் பார்த்தது இது. புல் கெடவில்லை என்பதோடு, அரைத்த மேப்பிள் சருகு விழுந்த இடத்தில் டான்டிலையன் களை குறைந்ததையும் கண்டார்கள். சருகு காய்ந்திருக்கவேண்டும், புல்லின் நுனி மேலே தெரியும் அளவுக்கு மெல்லியதாக இருக்கவேண்டும். அரையடி குவிந்த பிறகு அரைத்தால் புல்லை மூடி அழுகச் செய்யும். ஆகவே வாரம் ஒருமுறை. நேரத்தைப் பார்த்தால் இதுதான் எல்லாவற்றிலும் குறைந்த வேலை. குறை என்னவென்றால், சருகில் ஒட்டியிருக்கும் கூட்டுப்புழுக்களும் அரைபட்டுப் போகும்.

மூன்றாவது, முழுச் சருகாகவே பூப்பாத்திக்கும் மரத்தடிக்கும் தள்ளுவது. பூச்சிக்கு இதுதான் சிறந்தது. நாலு அங்குலம் போதும். செடியின் நடுத்தண்டை மூடவேண்டாம். நகரின் கிழக்கோரத்து ரூஜ் பள்ளத்தாக்குப் பக்கம் இருப்பவர்கள் இதில் கவனம் எடுக்கவேண்டும். அங்கே கருங்கால் உண்ணி உண்டு, லைம் நோயைப் பரப்பும். அது ஈரச் சருகில் தங்கும். பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கும் கதிரை போடும் இடத்துக்கும் ஓரமாகச் சருகைக் குவிக்காமல், வளவின் பின்மூலைக்குத் தள்ளுங்கள்.

நாலாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: வெறுமையான காய்கறிப் பாத்தியில் போடுவது. யாழ்ப்பாணத்தில் தோட்டத்துக்குக் குழை தாழ்ப்பார்கள். பூவரசங் குழையும் வேறு மரக் குழைகளும் வெட்டிக் கொண்டுவந்து, வரிசையாகத் தாழ்த்து மண்ணை மூடுவார்கள். தீவகற்பத்தின் செம்மண்ணில் அத்தனை வெங்காயமும் புகையிலையும் விளைந்ததில் அந்தக் குழைக்குப் பெரிய பங்கு உண்டு. அம்மாவின் கூட்டுமாறு மட்டும் நம் வழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஐயா தலையில் சுமந்த குழைக்கட்டும் நம் வழக்கம்தான். கூட்டியது முற்றத்தில், தாழ்த்தது தோட்டத்தில். இடம் பார்த்துச் செய்தார்கள்.

ஆனால் பச்சைக் குழையும் காய்ந்த மேப்பிள் சருகும் ஒன்றல்ல. குழையில் தழைச்சத்து உண்டு, சீக்கிரம் உக்கும். சருகில் கரி அதிகம், தழைச்சத்துக் குறைவு. அதை மண்ணுக்குள் கொத்திவிட்டால், உக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், வசந்தத்தில் நடும் கன்று வெளிறிப்போகும். அதனால் கொத்தவேண்டாம். மெசினால் ஒருமுறை அரைத்து, பாத்தியின் மேலே அரையடிக்குப் பரப்பி, மேலே கொஞ்சம் கூட்டெரு தூவி நனைத்துவிடுங்கள். மேயில் அது இரண்டு அங்குலமாகத் தாழ்ந்திருக்கும். விலக்கிவிட்டுக் கன்றை நடலாம், மிச்சம் கோடை மூடாக்கு. மேப்பிள் இலையில் தார் சொட்டியது மாதிரிக் கரும்புள்ளி இருந்தால் பயப்படவேண்டாம், அந்த நோய் காய்கறிக்கு வராது. கறுப்பு வால்நட் மரத்தின் இலையை மட்டும் தக்காளிப் பாத்திக்குப் போடாதீர்கள். அதிலுள்ள ஜக்லோன் என்ற பொருள் தக்காளியையும் கத்தரியையும் வாட்டும்.

மூலையில் கம்பி வலைக்குள் சருகைக் குவித்து ஒன்றிரண்டு வருடம் உக்கவிடுவது இன்னொரு வழி. இடமும் பொறுமையும் இருந்தால் நல்லது. கிடைக்கும் கறுப்பு மண் பொலபொலவென்று இருக்கும்.

வெறும் பாத்தியில் உள்ளி

பாத்தியைச் சருகால் மூடுவதா, குளிர்கால ரை தானியம் விதைப்பதா என்று கேட்பவர்கள் உண்டு. ரை மண்ணைப் பிடித்து வைக்கும், உண்மைதான். ஆனால் ஏப்ரலில் அது உயிரோடு எழும்பி நிற்கும். அதை வெட்டி, புரட்டி, இரண்டு மூன்று வாரம் காத்திருந்துதான் நடமுடியும். கையால் கொத்தும் சின்ன வளவுக்கு அது முதுகை முறிக்கும் வேலை. எனக்குச் சருகே போதும்.

அதைவிட நல்லது, ஒரு பாத்தியிலாவது உள்ளி நடுவது. வெள்ளைப்பூண்டுக்கு இந்த நாட்டில் நடுகைக் காலம் ஒக்டோபர். குளிர் பட்டால்தான் பல் பிரியும். ஒன்ராறியோவில் அதிகம் நடுவது மியூசிக் என்ற வகை, பெரிய பல், உரிக்கச் சுகம். நடும் அன்றே பல்லைப் பிரித்து, கூர் மேலே பார்க்க, இரண்டு அங்குல ஆழத்தில், அரையடி இடைவெளியில் ஊன்றி, மேலே சருகைப் போடுங்கள். ஜூனில் சுருண்டு வரும் பூத்தண்டை ஒடித்து வறை வைக்கலாம், ஜூலையில் கிண்டலாம். கடையில் சமையலுக்கு விற்கும் இறக்குமதி உள்ளி இந்தக் குளிருக்குப் பழகியதல்ல. உழவர் சந்தையில் உள்ளூர்ப் பூண்டு வாங்கி அதில் பெரிய பற்களை எடுத்து நடுங்கள். வேலை அரை மணித்தியாலம். இலையுதிர்காலத்தில் செய்யும் வேலைகளில் அடுத்த வருடம் கையில் ஏதாவது தருவது இதுதான்.

சின்ன விசயங்களை ஓடிச் சொல்லிவிடுகிறேன். டாலியாக் கிழங்கு இலை கறுத்த பின் கிண்டி எடுக்கவேண்டும், மண்ணில் விட்டால் போய்விடும். லைலாக்கும் ஃபோர்சித்தியாவும் கோடையிலேயே அடுத்த வருட மொட்டைக் கட்டிவிட்டன, இப்போது வெட்டினால் பூவை வெட்டுகிறீர்கள். ரோசாவுக்கு மண் அணைப்பது நவம்பர் கடைசியில், நிலம் இறுகத் தொடங்கிய பிறகு. முந்திச் செய்தால் செடி சூட்டில் இருந்து துளிர்க்கப் பார்க்கும்.

வார இறுதி ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது என்றால்: தண்ணீர்க் குழாய், நோய்பட்ட தக்காளி, உள்ளி. சருகு காத்திருக்கும். பூப்பாத்தி ஏற்கனவே செய்து முடிந்த வேலை, ஏனென்றால் அங்கே அவசரமாகச் செய்ய ஒன்றுமில்லை.

கறிவேப்பிலை: மூன்று வழி

இதைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், இதைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். உண்மையில் இது ஒக்டோபர் வேலையே அல்ல. இரவு 10 பாகைக்குக் கீழே இறங்கத் தொடங்கினால் கறிவேப்பிலை வளர்வதை நிறுத்தும், அது செப்டெம்பர் நடுவிலேயே நடக்கும். உறைபனி பட்டால் இலையும் இளந்தண்டும் கருகும். இதை வாசிக்கும்போது உங்கள் சாடி இன்னும் வெளியே நின்றால் இன்றிரவே உள்ளே எடுங்கள், மீதியை நாளைக்கு யோசிக்கலாம்.

முதல் வழி, ஜன்னலடியில் பச்சையாகவே வைத்திருப்பது. குளிர்காலம் முழுக்கக் கறிக்கு இலை கிடைக்கும் என்பதுதான் ஆசை. ஆனால் டிசெம்பர் 21ஆம் திகதி ரொறன்ரோவில் பகல் ஏறத்தாழ 9 மணித்தியாலம்தான், அதிலும் பாதி மூட்டம். தெற்குப் பார்த்த ஜன்னல் வேண்டும், அதோடு செடி வளர்க்கும் மின்விளக்கு ஒன்றும் போட்டால்தான் சரி. வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் ஓடினால் காற்று வறண்டுபோகும், அந்த வறட்சியில் சிலந்திப் பேன் பெருகும். இலையில் ஊசி குத்தியது மாதிரி வெளிறல், அடியில் மெல்லிய நூல். செதில் பூச்சியும் வரும், அது வந்தால் இலை பிசுபிசுக்கும். உள்ளே எடுக்கும் நாளில் இலையின் மேலும் அடியும் சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, பிறகு பத்து நாளுக்கு ஒருமுறை குளியலறையில் வைத்து ஷவரால் கழுவினால் பெரும்பாலும் சமாளிக்கலாம். சூடுகாற்று வரும் துவாரத்துக்கு மேலே மட்டும் வைக்காதீர்கள்.

இரண்டாவது, உறங்க விடுவது. ஸ்காபரோவின் பழைய வீடுகள் பலவற்றில் முன்வாசற் படிக்குக் கீழே ஒரு குளிரறை இருக்கும். உறையாது, சூடும் வராது. அங்கே வைத்தால் கறிவேப்பிலை மெல்ல மெல்ல முழு இலையையும் கொட்டிவிட்டு வெறும் குச்சியாக நிற்கும். பார்க்கப் பயமாக இருக்கும். வெளிச்சம் வேண்டியதில்லை. மூன்று, நாலு கிழமைக்கு ஒருமுறை ஒரு கோப்பைத் தண்ணீர், மண் முற்றாகக் காய்ந்து வேர் சாகாமல் இருக்க மட்டும். மார்ச்சில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து தண்ணீரைக் கூட்டினால் துளிர்க்கும். ஆளுயரம் வளர்ந்த, தண்டு பருத்த மரத்துக்கு இது நல்ல வழி, அவ்வளவு பெரியதை எந்த ஜன்னலும் தாங்காது. ஒரு சாண் கன்றுக்கு இது வேண்டாம், அதன் வேரில் ஐந்து மாதம் தாங்கும் சேமிப்பு இல்லை. சூடேற்றாத கராஜில் வைப்பது இந்த வழியில் சேராது. பெப்ரவரியில் அங்கே சாடி மண் கல்லாக உறைந்துவிடும்.

மூன்றாவது, விட்டுவிட்டு மேயில் புதுக் கன்று வாங்குவது. தமிழ்க் கடைகளில் வெயில் தொடங்கக் கன்றுகள் வரும். டிசெம்பரில் ஊருக்குப் போகிறவர்கள், வெளிச்சமே இல்லாத அடுக்குமாடியில் இருப்பவர்கள் இதைத் தெரிவு செய்தால் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் கடைக் கன்று தாராளமாக இலை பறிக்கும் அளவுக்கு வர இரண்டு மூன்று கோடை வேண்டும். வருடா வருடம் வாங்குகிறவர் வருடா வருடம் நாலு ஈர்க்குத்தான் பறிப்பார். அதற்குப் பதிலாக, போவதற்கு முன் செடியை ஒரு சிநேகிதர் வீட்டு ஜன்னலில் விட்டுவிட்டுப் போகலாம். வேரிலிருந்து பக்கக் கன்று வெடித்திருந்தால் கோடையில் பிரித்து ஒன்றை அவர்களுக்கே கொடுத்துவிடுங்கள், இரண்டு வீட்டில் நின்றால் ஒன்றாவது தப்பும்.

என் தெரிவு: இடுப்புயரத்துக்குக் கீழே என்றால் ஜன்னலும் விளக்கும். அதற்கு மேலே என்றால் குளிரறை. இரண்டுக்கும் பொதுவான ஒரு பிழை உண்டு, கறிவேப்பிலை அதிகம் சாவது அதனால்தான். இலை கொட்டுவதைப் பார்த்ததும் தாகம் என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றுவது. குளிர்ந்த, ஈரமான மண்ணில் உறங்கும் வேர் அழுகிவிடும். விரலை ஒரு அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரமென்றால் ஊற்றாதீர்கள், உரமும் மார்ச் வரை வேண்டாம்.

ஏப்ரல் வந்தும் துளிர் இல்லையென்றால் எறிந்துவிடாதீர்கள். தண்டின் தோலை நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். மேலே காய்ந்திருந்தால் கொஞ்சம் கீழே, பிறகு இன்னும் கீழே. எங்கள் மரம் ஒரு வருடம் அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மட்டும் பச்சை காட்டியது. அதற்கு மேலே இருந்ததை அறுத்துவிட்டு ஜன்னலடியில் வைத்தோம். மே 24 விடுமுறை வர நாலு துளிர் விட்டிருந்தது.